முதலில்லா முதலாளி

கல்யாணப் பந்தியில் உங்கள் இலைக்கு இட்லி வந்து விழுந்த கையோடு, பக்கத்து இலைக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்து, "ஒரு வாய் தொட்டுப் பாருங்கண்ணே, சாம்பாரை அப்புறம் ஊத்திக்கலாம்" என்றால் பயந்துவிடாதீர்கள். மந்திரித்த விபூதி இல்லை அது. அவர் சொந்தத் தொழில் ஆரம்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

மதுரையில் தெருவுக்கு ஒருவர் இப்படித் தேறுவார். ஊறுகாய், அப்பளம், செக்கெண்ணெய், ஆரி ஒர்க், குளியல் சோப்பு என்று சரக்குதான் மாறும்; ஆள் ஒரே அச்சு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பொடிக்காரர். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள். வறுப்பது, ஆறவைப்பது, தெருமுனை மாவு மில்லுக்குத் தூக்கிப்போய் அரைத்து வருவது, சலிப்பது, எடைபோட்டு பாக்கெட் ஒட்டுவது எல்லாம் அவர் சம்சாரம். மிச்ச வேலை முழுக்க இவர். மிச்ச வேலை என்றால் விளம்பரம். விசிட்டிங் கார்டில் ப்ரொப்ரைட்டர் என்று இவர் பெயரைத்தான் போட்டிருக்கிறது. எனவே ப்ரொப்ரைட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

2025 ஏப்ரலிலிருந்து, 2.5 கோடி ரூபாய் வரை முதலீடும் ஆண்டுக்கு 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ளதெல்லாம் அரசாங்கக் கணக்கில் குறு நிறுவனம். ப்ரொப்ரைட்டரின் முதலீடு ஓர் இரும்புச் சட்டி, ஒரு மின் தராசு, ஒரு சீலிங் மெஷின், மச்சானிடம் வாங்கிய கைமாற்று. மச்சான் கைமாற்றைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் அவர் வீட்டுக்கு ஒரு பாக்கெட் பருப்புப் பொடி போகும். பத்து கோடிக்காரரும் இவரும் ஒரே பட்டியலில் இருப்பதில் இவருக்கு ஏகப்பட்ட பெருமை. காசே வாங்காமல் இணையத்தில் கொடுக்கிற உத்யம் சான்றிதழை லேமினேட் செய்து, மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துப் பூ வைக்கிறார். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோ லேபிளில் பொடியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

"பதினாலு நம்பர்ண்ணே. ஆதாருக்கே பன்னெண்டுதான்" என்பார்.

இந்த ரகத்து ஆட்களுக்கு இரண்டு தெய்வங்கள் உண்டு. ஒருவர் 1969இல் வீட்டுக் கொல்லையில் சோப்புத்தூள் கலக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு அகமதாபாத்தில் வீடு வீடாக விற்ற நிர்மா கர்சன்பாய் படேல். இன்னொருவர் 1983இல் கடலூரில் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ தொடங்கிய சி.கே. ரங்கநாதன். காலி ஷாம்பூ பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ரங்கநாதன் அறிவித்ததும், முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட் ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் சிக் பாக்கெட் மட்டும்தான் என்று திருப்பியதும் ப்ரொப்ரைட்டருக்கு மனப்பாடம். விடுவாரா? எந்தக் கம்பெனி மசாலா கவர் ஆனாலும் ஐந்து கொடுத்தால் ஓர் இட்லிப் பொடி சாஷே என்று அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அன்று மாலையே தெருக்கோடிக் குப்பைத்தொட்டியைத் துப்புரவாக வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டின. மாநகராட்சி வண்டிக்காரர் மறுநாள் வந்து, "தொட்டி காலியா இருக்கே, யாரு சார் எடுத்தது?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டாம் கட்டத்துக்குப் போக சரக்கு மிச்சமில்லை.

கையில் காசிருப்பவன் விளம்பரத்துக்குக் காசைச் செலவழிப்பான். இல்லாதவன் கூச்சத்தைத்தான் செலவழித்தாக வேண்டும். பஸ்ஸில் டிக்கெட்டோடு விசிட்டிங் கார்டைக் கண்டக்டரிடம் நீட்டுவதற்குக் கொஞ்சம் கூச்சம் செலவாகும். ஊசி போட்டுக்கொள்ளக் குப்புறப் படுத்தபடி டாக்டரிடம் பொடியைப் பற்றிப் பேச அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். ப்ரொப்ரைட்டர் தன் இருப்பை முதல் ஆறு மாதத்திலேயே வழித்துத் துடைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் வினை. தன் கூச்சம் தீர்ந்தவர் அடுத்தவர் கூச்சத்தில் கை வைப்பார். பெற்றோர் கூட்டத்துக்குப் போய் கணக்கு டீச்சரிடம் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஆர்டர் எடுத்து வந்ததிலிருந்து, மகன் பள்ளிக்கூடத்துக்குச் சுற்று வழியில் போகிறான். என் நிலைமையும் பெரிதாக மேல் இல்லை. என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "அண்ணன் எழுத்தாளர். நம்ம பருப்புப் பொடிதான் சாப்பிடுறார்" என்பார். எழுத்து அதனால்தான் வருகிறது என்று கேட்பவர் நினைத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

காலண்டர் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் போட்டுவிடுவார்கள். கடைக்காரர்கள் அப்போதே முன்பணம் கொடுத்து ஆர்டர் எழுதுவார்கள். நம்மவர் தை பிறக்கும்வரை காத்திருந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் தினசரிக் காலண்டர்களை அடிமாட்டு விலைக்கு அள்ளி வந்து, அட்டையில் தன் ஸ்டிக்கரை ஒட்டி, மார்கழி மிச்சத் தாள்களை அவரே கிழித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். "பதினஞ்சு நாள்தானண்ணே போச்சு. மிச்சம் முன்னூத்தம்பது நாள் இருக்குல்ல?"

சுவர்க் கதை பெரியது. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் போஸ்டர் அடிக்கிற ஊர் இது. சுவரில் எழுதுவதையும் ஒட்டுவதையும் தடுக்க 1959இலேயே ஒரு சட்டம் வந்தாயிற்று. எங்கள் தெருவில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று அடுக்குக்குப் போஸ்டர் இருப்பதால் அதைப் படிக்க முடியவில்லை. சொந்தமாகப் போஸ்டர் அடிக்க வக்கில்லாத ப்ரொப்ரைட்டருக்கு மாவு மில்காரரின் தகப்பனார் காலமானது வழியைத் திறந்துவிட்டது. தெருக்காரர்கள் தலைக்கு இருநூறு போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பதென்று முடிவானது. "அச்சாபீசுக்கு நான் போறேன், யாரும் அலைய வேணாம்" என்றார் இவர். துக்கத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

விடியற்காலையில் சுவரெல்லாம் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கண்ணீருடன் என்று போட்டு வரிசையாகப் பெயர்கள், ஆளுக்கு ஒரு வரி. ப்ரொப்ரைட்டருக்கு மட்டும் மூன்று வரி. பெயர், 'பொடி வகைகள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்', செல் நம்பர். காரியம் முடிந்த கையோடு மில்காரர் வந்துவிட்டார்.

"ஏண்ணே, எங்கப்பா பேரைவிட உங்க செல் நம்பர் பெருசா இருக்கே?"

"அப்பாவுக்கு நம்ம கறிவேப்பிலைப் பொடின்னா உசுருப்பா. அவரு மேல இருந்து பார்த்தா சந்தோஷம்தான் படுவாரு."

மில்காரர் சண்டைக்குத்தான் வந்தார். ஆனால் பெரியவர் கடைசிவரை அந்தப் பொடியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது அவருக்கும் தெரியும். அரைக்கூலியில் இனிமேல் தள்ளுபடி கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போஸ்டரால் வந்த போன்கள் அனேகமாக, "எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டவைதான். ப்ரொப்ரைட்டர் ஒவ்வொருவருக்கும் நேரமும் சுடுகாட்டுக்கு வழியும் பொறுமையாகச் சொன்னார். அதில் ஒருவரிடம் அரை கிலோ மிளகாய்த்தூளுக்கு ஆர்டரும் எடுத்தார்.

சித்திரைத் திருவிழாவில் பெரிய கடைக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். ஒரு பக்கம் அழகர், மறுபக்கம் கடை விளம்பரம் என்று அட்டை விசிறி கொடுப்பார்கள். கத்திரி வெயிலில் அந்த விசிறியை யாரும் கீழே போடமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. விசிறி அடிக்க ப்ரொப்ரைட்டரிடம் ஏது காசு? ஒரு ரோல் ஸ்டிக்கரோடு தல்லாகுளத்தில் விசிறி கொடுக்கும் இடத்துக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டார். "விசிறியைக் காட்டுங்கக்கா" என்பார். நகைக்கடை விளம்பரத்தின் நெற்றியில் இட்லிப் பொடியை ஒட்டிவிடுவார். அது அன்னதான டோக்கன் என்று நினைத்துச் சிலர் விசிறியும் கையுமாகப் பந்தலில் வரிசை கட்டிவிட்டார்கள். பந்தல்காரர் டோக்கன் கொடுப்பவன் யார் என்று தேடி வருவதற்குள் இவர் கூட்டத்தில் கரைந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அதிர்ஷ்டமே இவர் விரலைப் பிடித்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் அம்மாவைத் தொலைத்துவிட்டு இவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கி வைத்திருந்த இடத்துக்கு ஓடினார். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. ஓடும்போதே விசிட்டிங் கார்டையும் எடுத்துக்கொண்டார், அதிலும் சந்தேகமில்லை. "சிவப்புச் சட்டை, கையில் பலூன். குழந்தையைப் பத்திரமாக மீட்டுக் கொடுத்தவர் சுத்தமான வீட்டுத் தயாரிப்பு இட்லிப் பொடி உரிமையாளர்" என்று எதிர்சேவைக்கு வந்த மொத்தக் கூட்டத்துக்கும் நாலு தடவை ஒலித்தது. எந்த டிவியில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்குமா அந்த விளம்பரம்? தாய் வந்து பையனை வாங்கிக்கொண்டு இவரைக் கும்பிட்டாள். அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. தனியாக நிற்கும் குழந்தைகளைத் தேடிக்கொண்டு ராத்திரி முழுக்கச் சுற்றினார். ஐஸ் சப்பிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையிடம் குனிந்து, "தம்பி, தொலைஞ்சுபோயிட்டியா?" என்று ஆசையாகக் கேட்டபோது, பின்னால் நின்ற தகப்பன் சட்டைக் காலரைப் பிடித்தான். அந்த வருஷத் திருவிழா விளம்பரம் அதோடு நிறைவுற்றது.

செல்போன் வந்தபின் இவர்களுக்குக் காசில்லாக் கவலை தீர்ந்தது. நமக்குத்தான் கவலை ஆரம்பித்தது. வாட்ஸ்அப்பில் ஒரே தட்டலில் 256 பேருக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் வாங்குகிறவர் இவர் நம்பரைச் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். ஆகவே பார்த்த மாத்திரத்தில், "நம்ம நம்பரை சேவ் பண்ணிட்டீகளா?" என்பார். பண்ணிவிட்டேன் என்றால் நம்பமாட்டார். போனை வாங்கிப் பார்ப்பார். என் போனில் வெறும் 'பொடி' என்று இருந்ததைப் பார்த்து முகம் சுருங்கி, 'நூறு சதவீதம் ஹோம் மேட்' என்று அவரே சேர்த்துக் கொடுத்தார். குலதெய்வக் கோயில் குரூப்பில் பொதுவாகக் கிடா வெட்டுக்குத் தேதி கேட்பார்கள். இவர் தேதியோடு விலைப்பட்டியலும் போடுவார். ஸ்டேட்டஸ் இருபத்திநாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று ஆறுதல்பட முடியாது. இருபத்திமூன்றாவது மணி நேரத்தில் அடுத்ததைப் போட்டுவிடுவார்.

கூகுள் மேப்பில் அவர் வீட்டைத் தேடிப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் ஜொலிக்கும். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்கக்கூடாது என்பது கூகுளின் விதி. சொந்தக்காரர்களிடம் கெஞ்சி வாங்குவதைத் தடுக்க அவர்களாலும் முடியவில்லை. சித்தப்பா எழுதியது: 'விசாலமான பார்க்கிங் வசதி.' சைக்கிள் திருப்ப இடமில்லாத சந்து அது. ஒன்றுவிட்ட அக்கா: 'ஊழியர்கள் கனிவாக நடந்துகொள்கிறார்கள்.' ஊழியர் என்றால் அவர் சம்சாரம் ஒருவர்தான். அக்காவுக்கும் அவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம் உறுத்தும். போட்டது சின்ன மாமனார், மகள் கல்யாணத்துச் சீர்வரிசைத் தகராறில்: 'பொடி நல்லா இருக்கு. ஆள் சரியில்லை.' அந்தப் பக்கத்திலேயே உள்ளதை உள்ளபடி சொன்ன விமர்சனம் அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் பொடி விற்கத்தான் செய்கிறது. யாரால் விற்கிறது என்பதில்தான் வழக்கு.

அடுப்படி ஜன்னலில் நூல் கட்டித் தொங்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் மிளகாய்த்தூள் கைரேகை. உள்ளே சம்சாரத்தின் எழுத்து. 'டீச்சர், காரம் கம்மி. மாடி வீடு, பூண்டு கூடாது. ஆட்டோ, காசு சனிக்கிழமை. பென்ஷன் ஐயா, உப்புக் குறை, பிரஷர். மெடிக்கல் அக்கா மருமகள், மாசம், பெருங்காயம் வாடை ஆகாது, ஆவணி வரை போடாதே.' ஆட்களின் பெயர் பாதிக்கு மேல் இல்லை, நாக்கு இருக்கிறது. யாராவது வாசலில் வந்து நின்றால், "வறுத்து மூணு நாளாச்சு, நாளைக்குப் புதுசு அரைக்கிறேன், வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ப்ரொப்ரைட்டர் உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வந்தவர் மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். கிண்ணத்தில் கொஞ்சம் பொடி, நடுவில் குழி, அதில் நல்லெண்ணெய், ஒரு துண்டு இட்லி. அங்கே நடக்கும் விளம்பரம் அவ்வளவுதான்.

இவருடைய சாம்பிள் வேறு மாதிரி. நிற்பவர் நடப்பவர் எல்லோருக்கும் சாஷே. வாக்கிங் போகும் பெரியவர் ஒருவர் வேட்டி, பேண்ட், பெர்முடா என்று மாற்றி மாற்றி உடுத்திவந்து வாரம் முழுக்க வாங்கிப் போனார். அவர் வீட்டில் அந்த மாதம் பொடியே வாங்கவில்லை. உளுந்து என்ன விலை, எள் என்ன விலை என்று சம்சாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிக் காட்டியபோது, மாத லாபத்தை சாம்பிள் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

அந்தக் கணக்குச் சண்டை ஆறுவதற்குள் எள் கருகியது. அடுப்பை இவர் பொறுப்பில் விட்டுவிட்டு சம்சாரம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். இவர் ஸ்டேட்டஸ் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சட்டி எள் கரி. அதைக் கொட்ட மனமில்லாமல், "ஸ்மோக்கி ஃப்ளேவர்னு லேபிள் அடிச்சா இருவது ரூவா கூட வச்சு விக்கலாம்" என்றார். அதற்கு விழுந்த பாட்டை, திண்ணையில் உட்கார்ந்து சும்மா போனை நோண்டிக்கொண்டிருந்த மகன் படம் எடுத்துவிட்டான்.

"கருகுனதை ஊருக்கு விக்கச் சொல்றீகளே, உங்க மகனுக்குப் போடுவீகளா இதை? காச்சு மூச்சுன்னு கத்தி விக்கிறது இல்லீங்க வியாபாரம். போங்க அங்கிட்டு!"

அரை நிமிஷம்கூட இல்லை. பையன் விளையாட்டாக இன்ஸ்டாகிராமில் போட்டான். விளம்பரம் என்று யாரும் நினைக்காததால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கோயம்புத்தூர், பெங்களூரு, ஷார்ஜா என்று போன். 'அந்த அம்மா பொடி வேணும்.' ப்ரொப்ரைட்டர் மூன்று வருஷமாக வேண்டிக்கொண்ட வரம், அவர் திட்டு வாங்கிய காட்சியாக வந்து பலித்தது. முதலில் சின்னதாக வருத்தப்பட்டார். பணம் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் வந்து விழுந்ததும் வருத்தம் போயிற்று.

போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஒரு நாளைக்கு நாலு கிலோவுக்கு மேல் அவர் சம்சாரம் வறுக்கமாட்டார். "வெளிய குடுத்து அரைச்சு நம்ம லேபிள் ஒட்டுவோம்" என்று இவர் வாயைத் திறந்தார். பையன் போனை எடுத்ததும் மூடிக்கொண்டார். தள்ளுபடி போன பழைய மில்லில் வரிசை, கூரியர் ஆபீசில் வரிசை, வெளியில் விடாத மழை, மிளகாய் காயவில்லை. பார்க்கிறவர் போனையெல்லாம் பிடுங்கித் தன் நம்பரைப் பதிந்த மனிதர், ஒரு நாள் என் கண்ணெதிரே அழைப்பை எடுத்து, குரலை மாற்றி, "ராங் நம்பர்ங்க" என்றார். தெருவில் டீச்சரைக் கண்டால் மகனைப் போலவே இவரும் சுற்று வழியில் போக ஆரம்பித்தார். தகப்பனும் மகனும் அந்தச் சந்தில்தான் இப்போது சந்தித்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு ராத்திரி ஸ்டேட்டஸில் இரண்டே வார்த்தை போட்டார்: 'ஸ்டாக் இல்லை.' விடிந்து பார்த்தால், இத்தனை வருஷத்தில் எந்த ஸ்டேட்டஸுக்கும் வராத கூட்டம். எப்போ வரும், எனக்கு ரெண்டு எடுத்து வைங்க, தெரிஞ்சவங்களுக்குக்கூட கிடையாதா என்று வரிசையாக விசாரணை. பல் விளக்காத வாயோடு என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே! இல்லைன்னு சொல்றதுக்குச் செலவே இல்லண்ணே!"

அன்று மத்தியானமே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார். 'ஸ்டாக் இல்லை' என்று ஆறுக்கு நாலில் ஒரு போர்டு. சதுர அடிக் கணக்கைக் கேட்டதும் பழைய ப்ரொப்ரைட்டர் விழித்துக்கொண்டார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைப் பிடித்து, ஆளுக்குப் பாதிச் செலவு, பாதி இடம் என்று பேசி முடித்தார். மேல் பாதியில் கொட்டை எழுத்தில் 'ஸ்டாக் இல்லை, நாளை வரவும்'. கீழ்ப் பாதியில் 'இங்கு பஞ்சர் பார்க்கப்படும், காற்று பிடிக்கப்படும்'. போர்டு மாட்டிய நாளிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் அண்ணாந்து படித்துவிட்டு அப்படியே அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பஞ்சர்க்காரர் டயர் லீவரும் கையுமாக ப்ரொப்ரைட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.